ஒரே கேள்வியை நூறு தரம் கேட்கும் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்பு மாமனார் மாரடைப்பில் இறந்துபோனார். அதிலிருந்து காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிறு வலிக்கிறது என்கிறாள். "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? சாயங்காலம் நீதானே வருவ?" என்று கேட்டதையே கேட்கிறாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். இடைவேளை வரை ஸ்கூல் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். மதியம் மிஸ்ஸின் போனில் அவளிடம் பேசுகிறேன். அப்படியும் வாரத்தில் இரண்டு நாள் லீவு. மாமியார் மந்திரித்துப் பார்த்துவிட்டார். கணவரோ, "நடிக்கிறா, நாலு போட்டா சரியாயிடும்" என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்:

முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அவள் நடிக்கவில்லை. அந்த வயிற்று வலி உண்மையான வலி. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். இதயம் படபடக்கும், மூச்சு மேலோட்டமாகும், ஓடுவதற்குத் தயாராகும் கை கால் தசைகளுக்கு ரத்தம் திரும்பிவிடும். வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து குடல் பிசையும், குமட்டும், சில குழந்தைகளுக்கு அவசரமாக வெளிக்கு வரும். ஸ்கேனில் தெரியாததால் வலியே இல்லை என்று ஆகிவிடாது. அடித்தால் பயத்தோடு அப்பாவைப் பற்றிய பயமும் சேரும், அவ்வளவுதான்.

இந்த மாதிரி வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி இருக்கும். பள்ளி நாள் காலையில் வரும், ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகும். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், விடாத வாந்தி, வலது பக்கம் அடிவயிற்றில் வலி என்று ஏதாவது இருந்தால் அது வேறு சமாச்சாரம். உடனே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்து மாமியார். "புள்ள பயந்திருக்கு" என்று அவர் சொன்னதுதான் உங்கள் வீட்டில் இதுவரை சொல்லப்பட்டதிலேயே சரியான கணிப்பு. பாட்டி மடியில் உட்கார்த்தித் திருநீறு பூசுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, அந்த நெருக்கம் நல்லதுதான். ஆனால் திருநீறு இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டேன் என்ற நிலை வந்தால், அதுவும் நான் கீழே சொல்லப்போகிற பட்டியலில் சேர்ந்துவிடும்.

சரி, இப்போது உங்கள் விஷயம். நீங்கள் இதுவரை செய்திருப்பதைப் பாருங்கள். கேட்கும் போதெல்லாம் "ஒண்ணும் ஆகாது, அம்மா வந்துடுவேன்" என்கிறீர்கள். கேட் பக்கம் காத்திருக்கிறீர்கள். மதியம் போன். வலி தாங்கவில்லை என்றால் லீவு. எந்த அம்மாவும் செய்வதுதான். ஆனால் ஒவ்வொன்றும் கந்துவட்டிக் கடன் மாதிரி வேலை செய்கிறது. கையில் காசு வந்ததும் மூச்சு வருகிறது, நாளைக்கு அசலோடு வட்டியும் சேர்ந்து வாசலில் நிற்கிறது. நீங்கள் பதில் சொன்னதும் அவள் முகம் தெளிகிறதா? எவ்வளவு நேரத்துக்கு? ஆரம்பத்தில் ஒரு பதில் ஒரு காலைப் பொழுதுக்குப் போதுமாக இருந்திருக்கும். இப்போது ஷூ மாட்டி முடிப்பதற்குள் நாலு தரம் கேட்பாள்.

காரணம் இதுதான். அம்மா சொன்னதால்தான் நிம்மதி வந்தது என்று அவள் மனசு கற்றுக்கொள்கிறது. தானாகவே அந்தப் படபடப்பு எழும்பி, கொஞ்ச நேரம் நின்று, அடங்கியும் போகும் என்பதைப் பார்க்கிற வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது பயத்தை விரட்டுவது அல்ல. பயத்தோடேயே பள்ளிக்குப் போய் வர முடியும் என்று அவளுக்குத் தெரியவைப்பது. இது கேட்பதற்குக் கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தெரியும். செய்யும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையத்தில் ஈலை லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதில் குழந்தை வருவதே இல்லை, அப்பா அம்மா மட்டும்தான் வருகிறார்கள். குழந்தையின் பயத்துக்காகத் தாங்கள் செய்யும் விட்டுக்கொடுப்புகளை ஒவ்வொன்றாகக் குறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பதற்ற நோய் உள்ள 124 குழந்தைகளை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், குழந்தைக்கு நேரடியாகக் கொடுக்கும் சிகிச்சைக்கு இது சற்றும் குறையவில்லை. உங்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி அங்கிருந்து வருவது.

பேச்சிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்றுதான் கேட்கும். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க, நீ பெரிய புள்ளல்ல" என்று ஒரு குரல். "அச்சச்சோ, பயமா இருக்கா தங்கம், சரி இன்னைக்கு வீட்லயே இரு" என்று இன்னொரு குரல். முதலாவதில் புரிதல் இல்லை, இரண்டாவதில் நம்பிக்கை இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: "உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு எனக்குத் தெரியுது. அந்தப் பயத்தை உன்னால தாங்க முடியும்னும் தெரியும்." அவ்வளவுதான். இதற்குப் பின்னால் 'ஆனால்' போட்டு அரைமணி நேரம் அறிவுரை வேண்டாம்.

இதை ஏதாவது ஒரு மாலையில், அவள் சாப்பிட்டுவிட்டு நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லி வையுங்கள். அழுகையின் நடுவில் சொன்னால் ஒன்றும் ஏறாது. கூடவே அந்தக் கவலைக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் இதில் கெட்டிக்காரர்கள். 'நொய்நொய்' என்று பெயர் வைத்த குழந்தை உண்டு. பெயர் வைத்தபின், பேசுவது தான் அல்ல, நொய்நொய் என்று அவளால் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. மறுநாள் காலைப் பேச்சு இப்படிப் போகலாம்:

"அம்மா, சாயங்காலம் நீதானே வருவ?"

"இது நீ கேக்குறியா, நொய்நொய் கேக்குதா?"

"...நொய்நொய்."

"அதுக்கு பதில் உனக்கே தெரியுமே. நீயே சொல்லிடு பாப்போம்."

"நாலு மணிக்கு அம்மா வருவாங்கன்னு."

"அம்புட்டுதான். வா, பின்னல் போட்டுக்கலாம்."

ஒரு தரம் இப்படிப் பேசலாம். அதே நாள் மறுபடி கேட்டால், "நொய்நொய்க்கு நீ சொல்லியாச்சே" என்று லேசாகச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாயை மூடுவது வேறு, இது வேறு. பதில் தரவில்லையே தவிர நீங்கள் அவளோடுதான் இருக்கிறீர்கள். முதல் சில நாட்கள் கேள்வி கூடும், குரலும் கூடும். அப்போது மனமிரங்கி ஒரே ஒரு தரம் பழைய பதிலைச் சொன்னால், இன்னும் சத்தமாகக் கேட்டால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வாள். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பதும் இதனால்தான். அம்மா சொல்லாததைப் பாட்டி சமையலறையில் ரகசியமாகச் சொன்னால் வேலைக்கு ஆகாது.

கேட், போன், லீவு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒன்றை எடுங்கள். நானாக இருந்தால் கேட்டிலிருந்து ஆரம்பிப்பேன், ஏனென்றால் அது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அவளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: "திங்கள்கிழமையிலேர்ந்து அம்மா ப்ரேயர் முடியற வரைக்கும்தான் இருப்பேன், அப்புறம் வீட்டுக்குப் போயிடுவேன்." சொன்னபடி கிளம்புங்கள். அவள் திரும்பிப் பார்க்காத நேரமாகப் பார்த்து நழுவுவது கூடாது. பயப்படுகிற குழந்தைக்கு அதைவிடக் கெடுதல் இல்லை, அப்புறம் அவள் உங்கள் முந்தானையை விடவே மாட்டாள். நாலைந்து நாளில் அது பழகியதும், கேட்டில் விட்டவுடன் கிளம்புவது. அது பழகியதும் மதியப் போனை ஒருநாள் விட்டு ஒருநாளாக்குவது, பிறகு நிறுத்துவது. கடைசியில் அவள் பயப்படுகிற பெரிய விஷயம்: ஒருநாள் உங்களுக்குப் பதில் அப்பாவோ சித்தியோ கூட்டிவர வருவது. ஒவ்வொரு படியிலும் அழுகை முழுக்க நின்ற பிறகே அடுத்தது என்று காத்திருக்க வேண்டாம். அழுதாலும் போய் வந்தாள் என்றால் அந்தப் படி தேறியது.

லீவு பற்றி ஒரே விதி. காய்ச்சலோ மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளோ இருந்தால் லீவு, இல்லையென்றால் பள்ளி. தாமதமாகப் போனாலும் பரவாயில்லை, இரண்டாவது பீரியடுக்காவது போகட்டும். தவிர்க்கவே முடியாமல் வீட்டில் இருக்க நேர்ந்தால் டிவி, மொபைல் இல்லாத சலிப்பான நாளாக இருக்கட்டும். தண்டனை போல அல்ல, பள்ளி நேரத்தில் வீட்டில் சுவாரசியம் எதுவும் கிடைக்காது என்பதற்காக. ஒவ்வொரு படிக்கும் சின்னப் பரிசு வைக்கலாம். சாயங்காலம் கடலை மிட்டாய், ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சைக்கிள் என்று. இதை லஞ்சம் என்று பார்க்க வேண்டாம், கஷ்டமான காரியத்துக்கான கூலி.

படிப்படியாக என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையைப் பற்றி எழுதினார். கூண்டு முயலைத் தூரத்தில் வைத்துவிட்டு, பீட்டருக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார். நாளுக்கு நாள் கூண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. முயலுக்குப் பயப்படாத வேறு குழந்தைகளும் பக்கத்தில் விளையாடினார்கள். கடைசியில் பீட்டர் முயலைத் தொட்டுக் கொஞ்சினான். நூறு வருடம் கழித்தும் குழந்தைகளின் பயத்துக்கு நாங்கள் செய்யும் சிகிச்சையின் முதுகெலும்பு இதுதான்.

இனி தாத்தா. உங்கள் கேள்வியில் இதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தாத்தா இறந்ததை அவளிடம் எப்படிச் சொன்னீர்கள்? நம் வீடுகளில் சொல்வது: "தாத்தா தூங்கிட்டார்", "சாமி கூப்பிட்டுக்கிட்டார்", "ஊருக்குப் போயிருக்கார்." தூங்கிவிட்டார் என்று கேட்ட குழந்தை ராத்திரி அம்மாவின் மூக்கில் கைவைத்துப் பார்க்கும். சாமி கூப்பிட்டுக்கொண்டார் என்று கேட்ட குழந்தை, அடுத்து யாரைக் கூப்பிடுவாரோ என்று சாமிக்கே பயப்படும். அவள் பள்ளியில் இருந்தபோது தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவள் வீடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தால், பள்ளிக்குப் போனால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகும் என்ற கணக்கு அவள் மனசில் விழுந்திருக்கலாம். சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். "தாத்தா செத்துப்போனப்போ நீ என்ன நினைச்ச?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். சில சமயம், தாத்தாவிடம் சண்டை போட்டதால்தான் அவர் செத்துப்போனார் என்று கூட ஒரு குழந்தை வைத்திருக்கும்.

எட்டு வயதில் இறப்பு என்றால் திரும்பி வர முடியாதது, எல்லாருக்கும் வருவது என்று புரிந்துவிடும். ஆகவே நேராகச் சொல்லலாம்: "தாத்தாவோட இதயத்துல நோய் இருந்துச்சு. அது துடிக்கிறதை நிறுத்திடுச்சு. அப்படி நின்னா உயிர் இருக்காது. நீ பண்ணின எதனாலயும் அது வரலை." நீயும் செத்துப்போவாயா என்று கேட்டால், மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். "எல்லாரும் ஒரு நாள் போவாங்க. எனக்கு உடம்பு நல்லா இருக்கு, ரொம்ப நாள் இருப்பேன்னுதான் நினைக்கிறேன். எனக்கு எப்பவாவது ஒண்ணு ஆனாலும் உன்னைப் பார்த்துக்க அப்பா இருக்கார், பாட்டி இருக்காங்க, சித்தி இருக்காங்க." இந்த உரையாடலை ஒருமுறை நிதானமாக, முழுசாக நடத்துங்கள். புதிதாக ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள். பழைய கேள்வியே திரும்பி வந்தால் அது நொய்நொய். தாத்தாவைப் பற்றிய பேச்சையே வீட்டில் தவிர்க்கிறீர்கள் என்றால் அதையும் விடுங்கள். அவர் போட்டோவைப் பார்த்து நாலு கதை பேசினால் அவள் அழலாம். அது துக்கம், வருவது நியாயம்.

"அதையே நினைக்காதே" என்பது நாம் எல்லாரும் சொல்லும் இன்னொன்று. குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று சொன்னால் என்ன ஆகும் என்று நம் ஊருக்கே தெரியும். அதைவிட, நினைப்பதற்கு ஒரு நேரம் கொடுப்பது பலன் தரும். மாலையில் பத்துப் பதினைந்து நிமிடம், படுக்கும் நேரமாக இருக்க வேண்டாம். ஒரு நோட்டு. பகலில் வந்த கவலையை அதில் எழுதவோ வரையவோ செய்யட்டும். வகுப்பில் நொய்நொய் ஆரம்பித்தால் "சாயங்காலம் அஞ்சரைக்கு வா" என்று அவள் சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் இரண்டு பேரும் நோட்டைப் பார்த்துப் பிரியுங்கள். ஏதாவது செய்யக்கூடியதா, இல்லையா? "நீ வர லேட்டானா?" என்பதற்கு வழி உண்டு: வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில் நிற்பது, உங்கள் நம்பரை மனப்பாடமாக வைத்திருப்பது. "உனக்கு ஆக்சிடென்ட் ஆனா?" என்பதற்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை. எழுதினோம், படித்தோம், நோட்டை மூடினோம். பல நாள் மாலை வரும்போது காலையில் எழுதிய கவலை அவளுக்கே சப்பென்று இருக்கும்.

மூச்சுப் பயிற்சி பற்றி எல்லாரும் சொல்வார்கள். நல்லதுதான், மெதுவாக நீளமாக மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தணியும். ராத்திரி பால் டம்ளரை வைத்தே பழக்கலாம், மூக்கால் இழுத்து, பால் சிந்தாமல் மெதுவாக நீளமாக ஊதச் சொல்லுங்கள். ஆனால் அமைதியாக இருக்கும்போது பழகினால்தான் பயத்தில் கைகொடுக்கும். அதையும் "பயம் போகணும், ஊது ஊது" என்று அவசரப்படுத்தினால் கெட்டது.

வீட்டுப் பேச்சில் சிலவற்றை இன்றே நிறுத்துங்கள். "சேட்டை பண்ணினா அம்மா உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்." இது ஒன்று போதும் இவ்வளவு நாள் செய்ததைக் கவிழ்க்க. பூச்சாண்டி, பிள்ளை பிடிப்பவன், ஊசி போடும் டாக்டர் எல்லாம் அதே வகை. சாப்பாட்டு நேரத்தில் விபத்துச் செய்தி ஓடும் டிவியையும் அணைக்கலாம். உங்களுக்கும் கொஞ்சம் பயந்த சுபாவமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதற்றம் குடும்பங்களில் இறங்கி வரும், கொஞ்சம் பிறப்பிலேயே, கொஞ்சம் பார்த்துப் பார்த்து. கேட்டில் நீங்கள் கண்கலங்கி நின்றால், உள்ளே ஏதோ ஆபத்து இருக்கிறது என்றுதான் அவள் படிப்பாள். அப்படியானால் ஒரு வாரம் அப்பா கொண்டுபோய் விடட்டும். நாலு போடு போடுவதை விட அது உபயோகமான வேலை.

பள்ளியையும் ஒருதடவை தட்டிப் பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் தாத்தா மேல் போட்டுவிட்டு, அங்கே ஒரு பெண் கிள்ளுவதையோ, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி நிற்க வைப்பதையோ கோட்டைவிடக் கூடாது. கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் குழந்தைகள் நிறைய. தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். ஆசிரியர் அடிக்கிறார் என்றால், கல்வி உரிமைச் சட்டம் 2009 அதைத் தடை செய்திருக்கிறது, தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். குறிப்பிட்ட ஒரு ஆளை, ஒரு வேன் டிரைவரை, ஒரு உறவினரைக் கண்டு மட்டும் அவள் ஒடுங்கினால், நான் மேலே சொன்ன படிகள் எதையும் செய்யாதீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கலாம். அவள் சொல்வதைக் கேளுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். இதெல்லாம் இல்லை என்று தெரிந்தபின் வகுப்பு மிஸ்ஸிடம் திட்டத்தைச் சொல்லி, ஒரே ஒரு உதவி கேளுங்கள்: காலையில் அவள் வந்ததும் ஒரு வேலை. சாக்பீஸ் எடுத்து வருவது, நோட்டு அடுக்குவது, எதுவானாலும்.

எப்போது ஆலோசகரிடம் போக வேண்டும்? அம்மா அப்பாவைப் பிரிய நேரும்போது வரும் இந்தப் பயம், அதாவது பிரிவுப் பதற்றம், நாலு வாரத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ தூக்கத்தையோ சாப்பாட்டையோ கெடுத்தால் அதை நோய் என்றே கணக்கில் எடுக்கிறோம். உங்கள் மகளுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, வாரம் இரண்டு நாள் பள்ளி தவறிப்போகிறது. ஆகவே வீட்டில் இதையெல்லாம் ஆரம்பியுங்கள், கூடவே ஒருவரிடம் காட்டவும் செய்யுங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், காசில்லை. செத்துப்போகலாம் என்ற பேச்சு அவள் வாயில் வந்தால் அன்றே போங்கள்.

மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்று உங்களுக்குப் பயம் இருக்கும். பேச்சும் பயிற்சியும்தான் முதலில். 2008இல் அமெரிக்காவில் ஏழு முதல் பதினேழு வயதுக்குள் பதற்ற நோய் உள்ள 488 பேரை 12 வாரம் பார்த்த பெரிய ஆய்வில், பயிற்சி மட்டும் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு நன்றாகத் தேறியது, பதற்றத்துக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55, இரண்டும் சேர்ந்து 81, மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு 24. ஆகவே பயிற்சி போதாதபோது டாக்டர் மாத்திரை சொன்னால் அலறிப் புடைத்துக்கொண்டு மறுக்கத் தேவையில்லை. நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம், சட்டென்று நிறுத்துவதும் வேண்டாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். எல்லாம் சரியாகி ஒரு மாதம் ஆனபின், காலாண்டு லீவு முடிந்த திங்கள்கிழமையோ, ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகோ வயிற்று வலி திரும்ப வரலாம். நிறையக் குழந்தைகளுக்கு வரும். மறுபடி முதலிலிருந்து என்று தலையில் கைவைக்காதீர்கள். சில படிகள் மட்டும் கீழே இறங்கி, அதாவது இரண்டு நாள் ப்ரேயர் வரை இருந்துவிட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். லீவு முடிவதற்கு முந்தின நாள் மாலை பையை அவளையே அடுக்கச் சொல்லி, பள்ளிப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தால் அந்தத் திங்கள்கிழமை கொஞ்சம் சுலபமாக இருக்கும்.